பொம்மையின் பொக்கற்றில் என் அடையாள அட்டை

ஒழுங்கான ஆட்கள் விடும் பிழைகளுக்கென்று ஒரு தனித் தரம் உண்டு. மற்றவர்கள் அவசரத்திலும் மறதியிலும் பிழை விடுவார்கள். கேட்பவர்களும் சரி, போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். எங்களைப் போன்றவர்கள் யோசித்து, திட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துத்தான் பிழை விடுவோம். அதனால் அது நல்ல உறுதியாக இருக்கும். வருடக்கணக்கில் உழைக்கும்.

என்னுடையது இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டியிருந்தது. அப்பா பாதையின் அந்தப் பக்கத்தில். அம்மாவும் நானும் தங்கை தாரணியும் இந்தப் பக்கத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில். நான் தொழினுட்பக் கல்லூரியில் கட்டடத் துறை டிப்ளோமா முடித்து, மட்டக்குளியில் தொடர்மாடி கட்டிக்கொண்டிருந்த ஒரு கொம்பனியில் முதல் வேலை எடுத்திருந்தேன். திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். நேர்முகத்தில் எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்த எஞ்சினியர், கடைசியில் என் பஞ்சாபி உடுப்பின் சால்வையைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தார்.

"ஏணியில் ஏற வேண்டி வரும். டெனிம் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசலில் அடையாள அட்டையை, ஐசியைக் காட்டினால்தான் பாஸ் தருவார்கள். அதை மறந்துவிடாதீர்கள்."

மறந்துவிடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார். (மனுசனுக்கு ஆளைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.)

டெனிம் என்றதும் வீட்டில் பிரச்சினை தொடங்கியது.

"உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. "எங்கட பக்கத்தில காற்சட்டை போட்ட பொம்பிளைப் பிள்ளையளெண்டா இயக்கமெண்டு எல்லாருக்கும் தெரியும். சென்ட்ரியில மறிக்க நிக்கிற ஆமிக்காரனுக்குத் தெரியாதோ?"

"அது அங்கையம்மா," என்றாள் தாரணி. உயர்தரம் படிக்கிறவள், எதற்கும் ஒரு கோட்பாடு வைத்திருப்பாள். "இங்க டெனிம் போட்டா கொழும்புப் பிள்ளை. பஞ்சாபி, பொட்டு, பின்னல் எண்டாத்தான் யாழ்ப்பாணம். என்னை ஒருநாளும் மறிக்கிறேல்லை. உங்களைத்தான் ஒவ்வொரு சந்தியிலயும் மறிக்கிறாங்கள்."

"என்னை மறிக்கிறது நான் பார்க்க மரியாதையான ஆளெண்டபடியால."

தாரணி போட்டிருந்த டெனிம், கனடா மாமி அனுப்பியது. மாமி அனுப்பும் எதையும் அம்மா குறை சொல்வதில்லை. எனக்கு மாமி சப்பாத்துத்தான் அனுப்பியிருந்தார். ஆகவே நான் வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

எங்கள் பஞ்சாபிகள் எல்லாவற்றிலும் நெஞ்சுப் பக்கம் உள்ளே ஒரு சின்னப் பை இருக்கும். அம்மா தைத்தது. அடையாள அட்டை அதற்குள்தான் இருக்க வேண்டும். கைப்பையைக் கடை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், பஸ்ஸில் அறுப்பார்கள், எங்கேயாவது விட்டுவிட்டு வருவோம். உடுப்பை விட்டுவிட்டு வரமாட்டோம் என்பது அம்மாவின் கணக்கு. அதில் அம்மா கவனிக்காத ஒரு விதிவிலக்கை நான் கண்டுபிடிக்க இருந்தேன்.

"அந்தக் காற்சட்டையில ஐசி வைக்க இடமிருக்கோ எண்டு பார்த்து வாங்கு. குனிஞ்சா நிமிர்ந்தா விழக்கூடாது."

ஐசி என்றால் அவ்வளவு முக்கியம். அது இல்லாமல் பிடிபட்டால் பொலிஸ் நிலையத்தில் குந்த வேண்டும். அம்மா வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து கெஞ்ச வேண்டும். தொலைத்தால் புதிதாக எடுக்க ஊர்க் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். கிராம சேவகர் அப்பாவின் பக்கத்தில் இருந்தார், பூட்டிய பாதைக்கு அப்பால். அவ்வளவு காலமும் வேலையும் கிடையாது, வாசலைத் தாண்டவும் முடியாது.

சனிக்கிழமை காலை தாரணியையும் கூட்டிக்கொண்டு போனேன். இளம் பிள்ளைகளுக்கென்றே டெனிம் விற்கும் கடை அது; கொழும்பில் பல இடங்களில் கிளை வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம், அவர்கள்மீது ஒரு பிழையும் இல்லை. சுவரெல்லாம் நீலம். காது கிழியும் பாட்டு. விற்கும் பிள்ளைகள் தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டிருந்தார்கள். வாசலில் கைப்பையை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் தந்தார்கள். நான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். ஐசி இருந்தது. அம்மா வாழ்க.

மற்றப் பெண்கள் டெனிம் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பார்கள். நான் சோதனை நடத்தினேன். ஃபிட்-ஒன் அறைக்குள் முதலில் குந்தி எழும்பினேன். பிறகு ஏணிப்படி உயரத்துக்குக் காலைத் தூக்கினேன். பிறகு அம்மாவின் நிபந்தனை: ஐசியை எடுத்துப் பின் பொக்கற்றில் வைத்துக் குனிந்தேன், நிமிர்ந்தேன், துள்ளினேன்.

"அக்கா, உள்ளுக்க என்ன செய்யிறீங்கள்? வெளியில நிக்கிற ஆக்கள் பார்க்கினம்."

"பொக்கற்றைப் பரிசோதிக்கிறன்."

"வேற ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பொக்கற் அற்புதமாகத் தேறியது. அட்டை அசையவேயில்லை, உள்ளே இருப்பதே தெரியவில்லை. ஆனால் இடுப்பில், பின்பக்கம், இரண்டு விரல் போகும் இடைவெளி. குந்தினால் அது நான்கு விரலாகியது. ஏணியின் கீழே ஆட்கள் நிற்பார்கள். நிராகரித்தேன். என் பஞ்சாபியைப் போட்டுக்கொண்டு, டெனிமை அழகாக மடித்து, விற்கிற பிள்ளை செல்வியிடம் கொடுத்து, இடுப்பு வெட்டில் என்ன பிழை என்றும் விளக்கினேன். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். "பொக்கற் மட்டும் மிச்சம் நல்லம்," என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

ஆம். பாராட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு கடையில் ரோல்ஸ் சாப்பிட்டு, வேறு கடையில் வேறு டெனிம் பார்த்து, மத்தியானம் காலி வீதியைக் கடக்கப் போனபோதுதான் எதிரில் சென்ட்ரி தெரிந்தது. கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போனது.

பை தட்டையாக இருந்தது.

"தாரணி."

"என்ன?"

"நான் அந்தப் பொக்கற்றைப் பரிசோதிச்சனான் எல்லோ."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சென்ட்ரியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, ஒரு அவசரமும் இல்லாதவள் போல, வந்த ஒழுங்கைக்குள் திருப்பி நடத்தினாள். அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அது என்னுடைய வேலை.

கடைக்குத் திரும்பி ஓடினோம். செல்வி கன்னத்தில் கை வைத்தாள்.

"அய்யோ அக்கா, அது வேன்ல போயிருச்சே! நம்மகிட்ட விக்காத சைஸை எல்லாம் சனிக்கெழம கொட்டாஞ்சேனைக் கிளைக்குத்தான் அனுப்புவாங்க. நீங்கதான் இடுப்பு சரியில்லன்னு சொன்னீங்க. நானும் அந்தப் பெட்டியில வச்சிட்டேன்."

என் விளக்கம் பலனளித்திருந்தது.

அவளே கொட்டாஞ்சேனைக்கு ஃபோன் எடுத்துத் தந்தாள். மேனேஜர் அந்தனி என்று ஒருவர். ஐந்து நிமிடத்தில் சொல்கிறேன் என்றார், திரும்ப எடுத்தார்.

"பெட்டி வந்திச்சி மிஸ். எல்லாப் பொக்கட்டும் கை போட்டுப் பார்த்தாச்சி. ஐசி ஒண்டும் இல்ல."

"இல்லை, கட்டாயம் இருக்கு. நான் வைச்சனான். விழாது. நான் துள்ளிப் பார்த்தனான்."

"அப்பிடியெண்டா நீங்களே வந்து பாருங்க. ஆனா உங்கட சாமான்தானெண்டு தெரியணும், வேற ஆளிட்ட குடுக்க மாட்டோம். வரக்குள்ள ஐசிய கொண்டு வாங்க."

ஐசியை எடுப்பதற்கு ஐசியைக் கொண்டுவரச் சொன்னார். இந்த வாக்கியத்தில் எங்கே பிழை என்று அவருக்கு எடுத்துக் காட்டினேன். அவருக்கு அது விளங்கவில்லை. வாடிக்கையாளர் நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டார்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு. வழி நெடுக மறிப்பார்கள். அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடும். கூடிய பிறகு எனக்கும் கூடும்.

"அக்கா," என்றாள் தாரணி. கண் பளபளத்தது. தன் கோட்பாட்டைச் செய்முறையில் நிரூபிக்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது அவளுக்கு. "உடுப்பை மாத்துவம்."

"என்ன?"

"என்ர டெனிமையும் ரீசேட்டையும் நீங்கள் போடுங்கோ. உங்கட பஞ்சாபியை நான் போடுறன். மறிச்சா என்னைத்தான் கேப்பான். என்னட்ட ஐசி கிடக்குத்தானே."

எரிச்சல் என்னவென்றால், அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

அதே ஃபிட்-ஒன் அறைக்குள் இரண்டு பேரும் மாறினோம். தாரணி என்னைவிடக் கட்டை, மெலிவு. டெனிம் என் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பொத்தானைப் பூட்ட மூச்சை உள்ளே இழுத்தேன். அதை வெளியே விடும் வசதி பிறகு கிடைக்கவில்லை. ரீசேட்டின் நெஞ்சில், என்னைத் தொந்தரவு செய்யாதே என்ற கருத்தில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. பின்னலை அவிழ்த்துவிட்டாள். என் நெற்றிப் பொட்டை உரித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள் (வீணாக்கக் கூடாதாம்).

"இனி முகத்தில ஒண்டையும் காட்டாதேங்கோ. உலகத்தில எல்லாமே அலுப்பெண்ட மாதிரி இருங்கோ."

மூச்சு விட முடியாதவளுக்கு அது சுலபமாக வந்தது.

முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்தோம். முதல் சென்ட்ரியிலேயே மறித்தார்கள். துவக்கோடு வந்த இளம் சிப்பாய் உள்ளே குனிந்து என்னைப் பார்த்தான். நான் அலுப்பாக இருந்தேன். அவன் கண் என்னைத் தாண்டி அப்பால் போனது.

"நங்கி, ஐடென்டிடி எக்க." தங்கச்சி, அடையாள அட்டை என்றான்.

தாரணி பஞ்சாபிக்குள் கைவிட்டுத் தன் ஐசியை எடுத்துக் கொடுத்தாள். எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, எந்த ஊர், கொழும்புக்கு எப்போது வந்தாய். எல்லாம் அவளிடம்தான். என்னிடம் ஒன்றுமில்லை. அடுத்த சென்ட்ரியிலும் அப்படியே. அதற்கடுத்ததில் அவளை இறக்கி, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவையும் கேட்டார்கள். வண்டிக்குள் திரும்பி ஏறியபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்கள் ஒவ்வொரு நாளும் இப்பிடியோ கொலிஜுக்குப் போய் வந்தனீங்கள்?"

"ஓம்."

"ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்ல என்ன கிடக்கு?" என்றேன். உண்மையில் எனக்கு அப்போது பேசுவதற்குக் காற்றும் இல்லை.

கொட்டாஞ்சேனைக் கிளையும் அதே நீலம், அதே பாட்டு. மேனேஜர் அந்தனி மெலிந்த, கவலைப்படுகிற மனிதர். வந்த டெனிம்களை மேசையில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக நான் பார்த்தேன், தாரணி பார்த்தாள், அவரும் மறுபடி பார்த்தார். ஒன்றுமில்லை. திங்கட்கிழமை, மட்டக்குளி, பாஸ், கிராம சேவகர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின.

"நான் குடுத்தது இதில இல்லை. அதின்ர இடுப்பு பின்னால அகண்டிருக்கும்," என்றேன்.

"இடுப்பா?" அந்தனி தலையைச் சொறிந்தார். "பின்னால லூசா? அய்யோ மிஸ், அத நாந்தானே பொம்மைக்குப் போட்டேன்! இடுப்பு நிக்கல்ல, ஊசி குத்தி வச்சிருக்கேன்."

தெருப்பக்கக் கண்ணாடிக்குள் அது நின்றது. ஒரு கை இடுப்பில், தலை சற்றே சரிந்து, என் அடையாள அட்டையைப் பின் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, உலகத்தில் எல்லாமே அலுப்பென்ற முகத்தோடு.

"கழட்ட ஏலாது மிஸ். கழட்டினா கை விழும். மெதுவா பின்னால போய் எடுத்துக்கொங்க."

கண்ணாடிக்கும் பொம்மைக்கும் இடையே ஒரு முழ இடம். நான் பக்கவாட்டில் நுழைந்தேன். ஒரு கையால் பொம்மையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் பின் பொக்கற்றுக்குள் விட்டேன். விரல் நுனியில் அட்டையின் விளிம்பு பட்டது. ஆனால் நான் பாராட்டிய பொக்கற் அல்லவா? விடவில்லை. கொஞ்சம் குனிந்தேன். நீண்ட நேரமாக அடக்கியிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

தாரணியின் டெனிம் பொத்தான் தெறித்துப் போய்க் கண்ணாடியில் அடித்தது. டிங்.

வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற பொலிஸ்காரர் திரும்பினார்.

அவர் கண்டதை அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். குண்டுப் பயத்தில் ஊரே பொதிகளைக் கண்டு விலகி நடக்கும் காலம். காட்சிப் பெட்டிக்குள் ஒரு பெண், தலைமயிர் கலைந்து, ஒரு பொம்மையோடு ஒட்டிக்கொண்டு, அதன் பின்பக்கத்தில் எதையோ வைக்கிறாள் அல்லது எடுக்கிறாள். மறு கையால் தன் காற்சட்டையைப் பிடித்திருக்கிறாள். நெஞ்சில், என்னைத் தொந்தரவு செய்யாதே.

உள்ளே வந்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார். கடை அமைதியானது.

"மே மொகத கரன்னே? ஐடென்டிடி எக்க கோ?"

என்ன செய்கிறாய், ஐசி எங்கே. நேரடியான கேள்வி. நான் நேரடியாகவே பதில் சொன்னேன். பொம்மையைக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"எயாகே சாக்குவே."

அவருடைய பொக்கற்றில்.

பொலிஸ்காரர் பொம்மையைப் பார்த்தார். நல்ல உத்தியோகத்தர், விசாரணையில் எதையும் விடமாட்டார். தானே உள்ளே கைவிட்டுப் பிரயாசைப்பட்டு அட்டையை இழுத்து எடுத்தார். படத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சீருடை, இரட்டைப் பின்னல், பெரிய பொட்டு, கமராக்காரனைச் சந்தேகப்படும் பார்வை. பிறகு என்னைப் பார்த்தார்.

"மே ஒயா நெமெய்."

இது நீ இல்லை என்றார். என் அட்டை இலக்கத்தைத் தலைகீழாகக் கூடச் சொல்லக்கூடியவள் நான், சொன்னேன். அது அவருக்குக் கூடுதல் சந்தேகத்தைத் தந்தது. அந்தனி இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

"பாடமாக்கிட்டு வந்த மாதிரி இருக்காம் மிஸ். ஸ்டேஷனுக்குப் போவோம் எண்டு சொல்றார். மரியாதையாத்தான் சொல்றார்."

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ்காரரின் கண் தாரணிமீது விழுந்தது. பஞ்சாபி, பொட்டு, பயத்தில் ஒரு சந்தேகப் பார்வை. அவர் முகம் மலர்ந்தது. இதோ ஐசிக்குச் சொந்தக்காரி! தாரணி பதறிப்போய்த் தன் ஐசியை நீட்டினாள். அதில் தலையை விரித்துவிட்டு ஒரு கொழும்புப் பிள்ளை நின்றாள். அவர் இரண்டு அட்டைகளையும் இரண்டு கையில் பிடித்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருந்த இரண்டு பேரும் எதிரில் நின்றார்கள்; ஆனால் உடுப்புகள் இடம் மாறி நின்றன.

"சேர், நாங்கள் உடுப்பு மாத்தினனாங்கள்," என்று அழும் குரலில் தமிழில் சொன்னாள் தாரணி.

அந்தனி அதை மொழிபெயர்த்தார். பொலிஸ்காரர் ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் நேரே ஸ்டேஷன்தான். அந்தனி என்னைப் பார்த்தார், நான் கையால் பிடித்திருந்த காற்சட்டையைப் பார்த்தார், பிறகு தன்பாட்டில் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு விளங்கியது கடைசிச் சொற்கள் மட்டும்: டெனிம், நங்கிலா (தங்கச்சிமார்), ஃபேஷன்.

பொலிஸ்காரர் நெடுமூச்சு விட்டார். அவருக்கும் வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

"மாத்திட்டு வாங்க எண்டு சொல்றார் மிஸ். படத்தில இருக்கிற மாதிரி."

கொட்டாஞ்சேனை ஃபிட்-ஒன் அறைக்குள் மறுபடியும் மாறினோம். என் பஞ்சாபி, என் சால்வை. தாரணி தன் நெற்றியிலிருந்த பொட்டை உரித்து என் நெற்றியில் ஒட்டினாள். பசை முடிந்திருந்தது, எச்சில் தொட்டு அழுத்தினாள். "இரட்டைப் பின்னல்," என்று நினைவுபடுத்தினாள். அதையும் பின்னினோம். எனக்கு வயது இருபத்து நான்கு. ஒரு கட்டடத்தின் பாரத்தைக் கணக்கிடத் தெரிந்தவள். டெனிம் கடை அறையிலிருந்து இரட்டைப் பின்னலோடு வெளியே வந்து, ஒரு பொலிஸ்காரர் முன் நேராக நின்று, அவர் கேட்காமலேயே சந்தேகப் பார்வையும் பார்த்தேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"தென் ஹரி," என்றார். இப்போது சரி.

அட்டையைக் கையில் தந்தார். கடைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. பொம்மையின் இடுப்பிலிருந்து ஒரு ஊசியைக் கழற்றித் தாரணியின் டெனிமுக்குக் குத்திவிட்டார் அந்தனி. திரும்பிப் போகும்போது ஒவ்வொரு சென்ட்ரியிலும் என்னை மறித்தார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஐசியை, நடுக்கமில்லாமல், மிகுந்த பெருமையோடு கொடுத்தேன். தாரணியை யாரும் கேட்கவில்லை. தன் கோட்பாடு நிரூபணமாகிவிட்டதென்று வெள்ளவத்தை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அம்மா பொத்தானில்லாத டெனிமைக் கண்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டார். பேசுவார் என்று காத்திருந்தேன். ஏசாமல், "அப்ப நான் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. இடையில நீதான் பிழை," என்று தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தாரணியின் பழைய டெனிம் ஒன்றைப் பிரித்து, பக்கத்தில் துணி வைத்து எனக்கு அளவாக்கி, உள்ளே பையும் தைத்துத் தந்தார். திங்கட்கிழமை பாஸ் கிடைத்தது.

என் கலியாண எழுத்தன்று பதிவாளர் ஐசியை வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, கூறைச் சேலையும் நகையுமாக இருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டார். பின்னாலிருந்து தாரணியின் குரல் வந்தது.

"ஐயா, சந்தேகமெண்டாச் சொல்லுங்கோ. மாத்திக்கொண்டு வருவம்."

எங்கள் பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளை பக்கம் முழித்தது. கையெழுத்து வைக்க முன்னமே மாப்பிள்ளைக்குக் கதை சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னவள் தாரணி என்பதால் அதில் பொம்மை என்னைவிட அழகாக இருந்தது.

என் கணவர் சிங்களம் அறியாதவர். இத்தனை வருடங்களில் அவர் கற்றுக்கொண்டது இரண்டே சொற்கள். நான் எங்காவது புறப்பட, சேலையைக் கட்டி, மாற்றி, மறுபடி கட்டி, அறையை விட்டு வெளியே வரும்போது, மனுசன் பேப்பரை இறக்கி என்னை மேலிருந்து கீழே பார்ப்பார். இல்லாத அட்டையைக் கையில் பிடித்திருப்பது போலப் பாவனை செய்து, அதையும் ஒருமுறை பார்ப்பார்.

"தென் ஹரி," என்பார்.